அகதி நட்ட திராட்சை!

நியூயார்க்னதும் டைம்ஸ் ஸ்கொயர்தானே ஞாபகம் வருது? அங்கேயிருந்து காரில் அஞ்சு மணி நேரம் வடமேற்கே போங்க பாஸ். ஃபிங்கர் லேக்ஸ்! ஆதிகாலப் பனிப்பாறைகள் தோண்டிப்போட்ட 11 ஏரிகள், விரல் விரலா!

‘இந்தக் குளிர்ல ஐரோப்பியத் திராட்சை செத்துடும்’னு நிபுணர்களே கைவிட்ட ஏரியா இது. உக்ரைன்காரர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க் 1951-ல் அகதியா அமெரிக்கா வந்தப்போ வயசு 50-க்கு மேல. இங்கிலீஷ் சுத்தமா தெரியாது. திராட்சை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கின மனுஷன், வயித்துப்பாட்டுக்குத் தட்டு கழுவினார். ஆனா, ‘முடியாது’ங்கிறதை மட்டும் ஒப்புக்கவே இல்லை.

குளிர் தாங்குற வேர்ச்செடிகளில் ரீஸ்லிங் திராட்சையை ஒட்டுக் கட்டினார். 1957 குளிர்காலம்... மைனஸ் 32 டிகிரி! கொடிகள் பிழைச்சுது. 1962-ல் கியூக்கா ஏரிக்கரைச் சரிவுல சொந்தமா சின்னதா ஒரு ஒயினரி.

ஆழமான ஏரி, கோடை வெப்பத்தைச் சேமிச்சு குளிர்காலத்துல கரைக்குத் தருது. குளிர்ச்சியான இரவுகள் பழத்தோட புளிப்பைக் காப்பாத்துது. சர்க்கரை கிட்டத்தட்ட முழுசும் நொதிச்சுட்டா, இனிப்பில்லாத ‘டிரை’ ரீஸ்லிங் ரெடி. எலுமிச்சை, பச்சை ஆப்பிள்னு வாசனை தூக்கும்!

ருசி பார்க்க அங்கே 21 வயசு ஆகணும். அந்தச் சரிவுல நின்னு ஏரியைப் பார்க்க வயசு வரம்பே கிடையாது!