அம்மாவுக்கு ஒரு தனி விமானம்... காட்டாங்குளத்தூர் குடும்பம் போட்ட கோவா கணக்கு!

காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் அந்த அம்மாவுக்கு இந்த வருடம் எழுபது நிறைகிறது. "பிறந்தநாளுக்கு என்னம்மா வேணும்?" என்று துபாயிலிருந்து மகன் கேட்டான். "ஒரு தடவை பிளேன்ல ஏறணும்டா. அப்படியே அந்த கோவா கடலையும் பார்த்துடணும்" என்றார் அம்மா.

ஆசை சின்னதுதான். சிக்கல் முழங்கால். அம்மாவால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. விமான நிலைய வரிசைகளை நினைத்தே மகளுக்குப் பயம். தம்பியோ யோசிக்கவே இல்லை. "மொத்தம் ஏழு பேர்தானேக்கா? தனி விமானமே எடுத்துடலாம். செலவு என்னோடது."

தனி விமானம் என்றதும் அக்காவுக்கு நினைவு வந்தது மதுரைக் கல்யாணம். 2021 மே 23. மறுநாளிலிருந்து தமிழகம் முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, மதுரையிலிருந்து பெங்களூருக்கு ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்து, நடுவானில் தாலி கட்டினார்கள். முகக்கவசமும் இடைவெளியும் இல்லாமல் உறவினர்கள் நெருக்கியடித்து நின்ற வீடியோ நாடெங்கும் பரவியது. டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. விமான ஊழியர்கள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். வாடகைக்கு எடுத்த விமானமாகவே இருந்தாலும், உள்ளே அரசு விதிதான் செல்லும்.

அந்த வீட்டுக்கு அந்த மே மாதத்தை மறக்க முடியாததற்கு வேறு காரணமும் இருக்கிறது. அப்போதுதான் அப்பா போனார். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு அமீரகம் ஏப்ரல் கடைசியிலேயே தடை போட்டிருந்தது. வந்தால் திரும்பிப் போக முடியாது, வேலை போய்விடும் என்ற நிலையில், மகன் செல்போனில்தான் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தான். அவன் ஏன் தனி விமானத்திலேயே பிடிவாதமாக நிற்கிறான் என்பது அக்காவுக்குப் புரிந்தது. அதனால் மறுத்துப் பேசாமல் விசாரிக்க ஆரம்பித்தார்.

முதலில் தெரிந்துகொண்டது, எல்லா விமானத்தையும் வாடகைக்கு எடுத்துவிட முடியாது என்பது. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான விமானத்தில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. வாடகைக்கு ஓட்ட டி.ஜி.சி.ஏ. தனி அனுமதி தருகிறது. நிறுவனத்திடம் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் முன்பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது கட்டணம். இங்கே டிக்கெட் கணக்கே கிடையாது. விமானம் பறக்கும் மணிக்கணக்குதான். சென்னையிலிருந்து கோவாவுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். குடும்பத்தை இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்பினால் அதற்கும் காசு. மூன்று நாள் கழித்து அழைத்துவர மறுபடி காலியாக வந்தால் அதற்கும் காசு. ஆக, உட்கார்ந்து போவது மூன்று மணி நேரம், பணம் கட்டுவது ஆறு மணி நேரத்துக்கு. கோவாவிலேயே நிறுத்திவைத்தால் நிறுத்துமிடக் கட்டணம், விமானிகள் தங்கும் செலவு எல்லாம் தனி.

நேரமாவது மிச்சமாகுமா? மீனம்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. சாலையில்தான் போயாக வேண்டும். விமானத்தைத் தனியாக எடுக்கலாம். பெருங்களத்தூர் நெரிசலில் தனிப் பாதை கிடைக்காது.

இதற்கெல்லாம் தம்பி அசையவில்லை. "பணத்தை விடுக்கா" என்றான்.

அவனை யோசிக்க வைத்தது படிக்கட்டுதான். ஏழெட்டுப் பேர் போகும் வாடகை விமானங்களில் 'கிங் ஏர் பி200' பெயர்பெற்றது. அதில் ஏற, கதவோடு சேர்ந்த குறுகலான படிகள். உள்ளே உயரம் 4 அடி 9 அங்குலம்தான். குனிந்தபடியே நடந்து போய் இருக்கையில் உட்கார வேண்டும். முழங்கால் மடங்காத அம்மாவுக்கு எது கஷ்டமோ, அதுவே அங்கே காத்திருந்தது. வழக்கமான பெரிய விமானத்திலோ, சக்கர நாற்காலி வேண்டுமென்று 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைத்தால், உதவியாளரே வரிசையைத் தாண்டி அழைத்துப் போவார். ஏரோபிரிட்ஜ் இருந்தால் படியே ஏற வேண்டாம்.

அக்கா இதைச் சொன்னதும் மறுமுனையில் பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்குத்தான் எதுவும் செய்ய முடியலக்கா..." என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா போனை வாங்கினார். "எனக்கு எதுக்குடா தனி பிளேன்? நாலு ஜனம் இருந்தாத்தானே பேச்சுத்துணை. அந்தக் காசுல நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்துட்டுப் போ. நான் இருக்கிறப்பவே வா."

ஏழு பேருக்கும் சாதாரண டிக்கெட்டே போட்டார்கள். அம்மாவுக்கு ஜன்னல் ஓரம், பக்கத்து இருக்கை மகனுக்கு. வயதானவர்களுக்காகத் தனி விமானம் விசாரிப்பவர்கள், கட்டணத்தைக் கேட்பதற்கு முன் எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்!