சுவிட்ச் ஓஃப், ஆனால் கரண்ட் இருக்கு



எங்கள் வீட்டு ஹோல் டியூப் லைட் ஒரு கிழமையாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஸ்டார்ட்டரை மாற்றினேன். புது டியூப்பும் வாங்கிப் போட்டேன். அதுவும் சிமிட்டியது.

வகுப்பில் இதைப் படம் கீறிப் படிப்பிக்கிற ஆள் நான். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சின்னத் தகடு சூடாகி வளைந்து ஒட்டும். டியூப்பின் இரண்டு முனைகளும் சூடேறும். தகடு ஆறி விலகும்போது சோக் உயர் அழுத்தம் ஒன்றைத் தள்ளும். அதில்தான் டியூப் பத்தும். இடையில் எங்காவது தொடுகை சரியில்லை என்றால் ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்ப முயலும். அதுதான் சிமிட்டல்.

ஏணி வைத்து ஏறி டியூப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஹோல்டருக்குள் பித்தளை பச்சை பிடித்திருந்தது. ஊர்காவற்றுறை உப்புக் காற்று எதைத்தான் விட்டது! அரத்தாளால் தேய்த்தால் போதும் என்று நினைத்தேன்.

சுவிட்ச் ஓஃப்தான். ஆனாலும் வாப்பா பழக்கிய பழக்கம், கை வைக்க முதல் டெஸ்ட்டரை வைத்தேன்.

எரிந்தது.

இறங்கி மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டு, வயரிங் வேலை செய்யும் பக்கத்து ஒழுங்கை அண்ணையைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், சுவிட்ச் நியூற்றலை எல்லோ வெட்டுது. சிவப்பு வயர் நேரா லைட்டுக்குப் போகுது."

அதாவது, லைட் அணைந்தாலும் 230 வோல்ட் மேலேயே நிற்கிறது. வீடு திருத்தியபோது யாரோ மாற்றிப் பூட்டியது. இத்தனை வருடம் யாருக்கும் தெரியாது.

உம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "அப்ப நோன்புக்கு முதல் நான் ஈரத்துணியால துடைச்சனே மகன்? சுவிட்சை ஓஃப் பண்ணிப்போட்டுத்தானே ஏறினனான்."

எனக்குப் பதில் வரவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

வயரை மாற்றிப் பூட்டி, ஹோல்டரையும் புதிதாகப் போட்டாயிற்று. பழைய டியூப்பைத் திரும்ப மாட்டினோம். உடனே பத்தியது. அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் லைட், ஃபேன் துடைப்பதென்றால் சுவிட்சை நம்பாதீர்கள். மெயினை ஓஃப் பண்ணுங்கள். ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள டெஸ்ட் பட்டனையும் ஒருக்கா அமத்திப் பாருங்கள், விழவேண்டும். விழாவிட்டால் வயரிங் தெரிந்த ஒருவரை இன்றைக்கே கூப்பிடுங்கள்.