அந்தப் பாட்டியின் குரலுக்காக

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஒலிபரப்புப் பதிவைக் கேட்டேன். கருவாடு விற்கிற பாட்டி புயல் நாளைப் பற்றிப் பேசப் பேச மனசு கனத்துப் போனது. ஆனால் அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் மின்விசிறி இரைச்சல் குபுக்கென்று மேலே வருகிறது. "பாட்டு நல்லாத்தானே கேட்குது, பேச்சு மட்டும் ஏன்க்கா இப்படி?" என்று எழுதியிருக்கிறாய்.

காரணம், ஒலியைச் சீராக்கும் ப்ராசஸர் பெட்டியில் யாரோ போட்டுவைத்த ப்ரீசெட். அது முழுநேரமும் பாட்டு போடுகிற வணிக நிலையங்களுக்கானது. பேச்சில் சின்ன இடைவெளி விழுந்தாலும் அந்தப் பெட்டி 'சத்தம் குறைந்துவிட்டது' என்று நினைத்து, அறையில் இருக்கிற எல்லாவற்றையும் தூக்கிவிடும். ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற ஏஜிசியை மெதுவாக நகரும்படி வை. ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் இருந்த இடத்திலேயே நிற்கும்படி அதன் கேட்டையும் போடு. பாதி இரைச்சல் அதிலேயே போய்விடும்.

மீதிப் பாதிக்குப் பெட்டியைத் தொடாதே. மைக்கைப் பாட்டியின் பக்கம் நகர்த்து. தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், விசிறி இருந்தபடியே இருக்கும். எந்த விலையுயர்ந்த கருவியும் இதைச் செய்யாது. பதிவிலேயே உடைந்துபோன குரலையும் உச்சத்தை அடக்குகிற எந்த லிமிட்டரும் ஒட்டித் தராது.

'சத்தமாக வைத்தால் தூரம் போகும்' என்று உங்கள் நிலையத்தில் சொல்வதாக எழுதியிருந்தாய். முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அலை பலவீனமாக வருகிற ஓரத்து ஊர்களில் மெல்லிய பேச்சை இரைச்சல் விழுங்கிவிடும், அங்கே தாழ்ந்த ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிற கம்ப்ரஷன் உதவும். ஆனால் ஒலிக்கேற்ப எஃப்.எம். அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் விலகல் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. உங்களைப் போன்ற சமுதாய வானொலிக்கு விதி பொதுவாகத் தருவதும் 100 வாட் கதிர்வீச்சுத் திறன்தான். இந்த வரம்புக்குமேல் ஒலியை அழுத்தினால் கிடைப்பது உடைந்த குரல். தூரத்தில் தெளிவு வேண்டுமென்றால் பேச்சு நிகழ்ச்சிகளை மோனோவில் விடு. பலவீனமான அலையில் ஸ்டீரியோவின் இரைச்சல் மோனோவைவிட 20 டெசிபலுக்கு மேல் அதிகம்.

இன்னொன்றை இன்றே பார்த்துவிடு. உயர்ந்த ஒலிகளை ஒலிபரப்பும்போதே தூக்கிவிடுகிற ப்ரீ-எம்ஃபசிஸ் 50 மைக்ரோ விநாடியில் இருக்கிறதா? இந்தியாவில் அதுதான் அளவு. அமெரிக்க முறைப்படி 75-இல் இருந்தால் 'ச'வெல்லாம் காதைக் குத்தும். அதோடு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடு. உங்கள் நேயர்கள் கையில் இருப்பது செல்போனின் சின்ன ஸ்பீக்கர், அந்த அடிச்சத்தம் அதில் கேட்கவே கேட்காது, விலகலை மட்டும் வீணாகத் தின்னும்.

விடிகாலை வானிலைச் செய்தியைப் படகில் டீசல் எஞ்சின் ஓடும்போது கேட்கிறார்கள். அதற்கு மட்டும் கம்ப்ரஷனை நன்றாக இறுக்கிக்கொள், அங்கே ஒரு சொல் தவறினாலும் ஆபத்து. இரவில் பாட்டி கதை சொல்லும்போது தளர்த்திவிடு. தாழ்ந்து பேசுகிற இடம் தாழ்ந்தே கேட்கட்டும். இரண்டுக்கும் ஒரே ப்ரீசெட் போதும் என்பவர்கள் கேட்பவரை நினைத்துப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. அலைவரிசைகள் மக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி நிலையம் பேசத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி வர 2006 ஆகிவிட்டது. இத்தனை காலம் காத்திருந்து ஒரு கருவாட்டுக்காரப் பாட்டிக்கு மைக் கிடைத்திருக்கிறது. அவர் சொல்வது விசிறிச் சத்தத்தில் போகலாமா?

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. அதற்குள் இவற்றை மாற்றி, அதே பேட்டியை மறுபடி ஒலிபரப்பு. ஸ்டுடியோவில் பதியாதே. ஊர்க்கோடியில் ஒரு மலிவான செல்போன் ரேடியோவில் வருவதைப் பதிந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா