அஸருக்குப் பின் வரும் பசி



உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொள்வோருக்கு நாளின் மிகக் கடினமான பொழுது எதுவென்று கேட்டால், அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுது என்பேன். காலையில் அளவோடு உண்டவர்களும், பகலில் சோற்றைக் குறைத்தவர்களும், அந்த மாலை நேரத்துத் தேநீரின் முன் தளர்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அது. அடுப்பில் எண்ணெய் காயும்; சமோசாவோ வாழைக்காய் பஜ்ஜியோ பொரியும். ஒன்றும் செய்யாத நாளில் முறுக்கு டப்பாவாவது திறக்கப்படும்.

கடந்த ஆண்டு என் இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 என வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பது மருத்துவக் கணக்கு. என் வாப்பா பதினைந்து ஆண்டுகள் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர்கள். அவர்களின் வலது காலின் இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தபோது மருத்துவமனையில் அருகில் இருந்தவள் நான். அதன்பின் அவர்கள் ஜமாஅத்துக்கு நடந்து செல்ல முடியாமல், வீட்டு நாற்காலியில் அமர்ந்தே தொழுதார்கள். பாங்கு ஒலிக்கும் போதெல்லாம் வாசலை நோக்கும் அந்தப் பார்வை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே அந்த 6.1 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. உடல் எடையைக் குறைக்க வேண்டும், இடைத்தீனியை நிறுத்த வேண்டும் என்றார் மருத்துவர். மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை.

இடைத்தீனியை நிறுத்துவது எப்படி என்று எண்ணியபோது, ரமளான் மாதமே எனக்கு வழிகாட்டியது. பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஒரு துளி நீரும் அருந்தாமல் இருக்கும் நாம், நோன்புக் கஞ்சிக்காக உளுந்து வடை பொரிக்கும்போதுகூட அதில் ஒன்றை எடுத்து வாயில் இடுவதில்லை. எடுக்கலாமா என்ற எண்ணமே பெரும்பாலும் எழுவதில்லை. அதே நாம் ஷவ்வாலில், பகலுணவு உண்டு மூன்று மணி நேரம் ஆகுமுன் பசிக்கிறது என்கிறோம். வயிறு அதே வயிறுதான். ரமளானில் ஸஹர் நேரத்திலேயே நிய்யத் முடிவாகிவிடுகிறது. மனம் நாள் முழுவதும் தன்னோடு வழக்காட வேண்டியதில்லை. மற்ற நாள்களில் ஒவ்வொரு டப்பாவின் முன்னும் ஒரு வழக்கு நடக்கிறது. பத்து வழக்கில் ஒன்றிலாவது நஃப்ஸ் வென்றுவிடும்.

இதற்கு உடலியல் விளக்கமும் உண்டு. 1999இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசியை அறிவிப்பது இது. நாம் வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்கும்போது இது உயர்கிறது. அந்த நேரத்தில் உண்ணாமல் விட்டாலும் சிறிது நேரத்தில் தானே தணிகிறது. ஆகவே தினமும் நாலரை மணிக்குத் தின்று பழகிய உடல், நாலரை மணிக்குக் கேட்கத்தான் செய்யும். அந்த அலை கடந்து போகும் என்று அறிந்திருப்பதே பாதி மருந்து.

மெய்யான பசியை வாயின் ஆசையிலிருந்து பிரித்தறிய நான் ஓர் எளிய கேள்வியை வைத்துக்கொண்டேன். “சட்னி இல்லாத ஆறிய இட்லி ஒன்று கிடைத்தால் இப்போது உண்பேனா?” ஆம் என்று தோன்றினால் அது பசி, உண்ண வேண்டியதுதான். இட்லி வேண்டாம், முறுக்குத்தான் வேண்டும் என்றால் அது நாவின் ஆசை. அதற்கு ஒரு குவளை நீரும் பதினைந்து நிமிடப் பொறுமையும் போதும்.

அந்தப் பொறுமை எளிதாக வேண்டுமானால், அதற்கு முந்தைய வேளை உணவு சரியாக இருக்க வேண்டும். வெறும் மாவுப்பொருள் விரைவில் செரித்துப் பசியை மீண்டும் அழைக்கும். புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் நின்று தாங்கும். காலையில் இரண்டு இட்லியோடு ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்துக்கொண்டேன். பகலில் சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் மீனையும் கூட்டினேன். ஆணத்தில் ஊறிய சோறு தொண்டையில் வழுக்கிப் போய்விடும் என்பதால், மென்று உண்பதில் கவனம் வைத்தேன். வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்ட ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுபவர் அந்தச் செய்தி வருமுன்னே இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டிருப்பார்.

வாரத்தில் இரு நாள் காலையில் பார்லிக் கஞ்சி. ஆயிஷா (ரலி) அவர்கள் நோயாளிகளுக்கும் துயருற்றோருக்கும் பரிந்துரைத்த தல்பீனாவும் பார்லியால் ஆனதே. பார்லியின் கரையும் நார்ச்சத்து வயிற்றில் கூழ்போல் திரண்டு செரிமானத்தை மெதுவாக்குகிறது. ஊறவைத்த வெந்தயத்திலும் சப்ஜா விதையிலும் இதே தன்மை உண்டு. ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போர் வெந்தயத்தை நாள்தோறும் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தேநீரை நான் விடவில்லை, சர்க்கரையை விட்டேன். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு மூன்று குவளை என்றால் 24 கிராம், அதாவது நூறு கலோரிக்குச் சற்றே குறைவு. முதல் வாரம் கசந்தது. மூன்றாம் வாரத்தில் பழகிவிட்டது. மெய்யாகவே பசிக்கும் மாலைகளில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை, அல்லது ஒரு கொய்யாப்பழம், அல்லது ஒரு குவளை மோர். அஸருக்கு உளூச் செய்யும்போது மிஸ்வாக்கால் நன்றாகப் பல் துலக்குவேன். வாய் தூய்மையான பின் எண்ணெய்ப் பண்டத்தின் மீது நாட்டம் குறைவதை என்னளவில் உணர்ந்தேன். முறுக்கு டப்பாவை மேசையிலிருந்து பரணுக்கு மாற்றியதும் பெரிய உதவி. கண்ணில் படாததை மனம் அடிக்கடி நினைப்பதில்லை.

இரவு உணவை இஷாவுக்கு முன்பே முடித்துவிடுவோம். இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் விழித்திருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. நள்ளிரவு வரை கைப்பேசியோடு விழித்திருப்பவரின் கைதான் பிஸ்கட் பொட்டலத்தைத் தேடும். போதிய உறக்கமின்மை பசியைக் கூட்டுகிறது என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இவையெல்லாம் நம் வீட்டுக்குள். பிறர் வீட்டுக்குப் போகும்போது என்ன செய்வது? எங்கள் கீழக்கரையில் ஒரு வீட்டுக்குப் போய்த் தொதலையோ வட்டலப்பத்தையோ தொடாமல் திரும்பினால், கொடுத்தவரின் முகம் வாடிவிடும். என் மாமி ஒருமுறை, “என் கைப்பண்டம் கசந்துவிட்டதா மகளே?” என்று கேட்டுவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். அதையே நான் முறையாகக் கொண்டேன். ஒரு சிறு துண்டை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, சுவைத்து உண்டு, நன்றாக இருக்கிறது என்று மனமாரச் சொல்லித் தட்டை வைத்துவிடுவேன். கலோரிக் கணக்கைப் பேசுவதில்லை. மாமியும் இப்போது சிறு துண்டாகவே நறுக்கித் தருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் தாய் உணவைக் குறைத்தால் மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். என் பதினான்கு வயது மகள் ஒரு நாள் காலை உணவை ஒதுக்கிவிட்டு, “நானும் மெலியப் போகிறேன் உம்மா” என்றாள். அவளை அருகில் அமர்த்தி, வளரும் உடலுக்கு உணவு ஓர் அமானிதம் என்றும், உம்மா பட்டினி கிடக்கவில்லை, தேவையற்றதை மட்டுமே விடுகிறேன் என்றும் விளக்கினேன். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியின் கருத்து திர்மிதியில் பதிவாகியுள்ளது. அந்த முதல் பங்கும் ஒரு பங்குதான். அதை மறுப்பது சுன்னத் ஆகாது. அன்று இருவரும் ஒரே தட்டில் இட்லி உண்டோம்.

திங்கள், வியாழன் நோன்புகளையும் இயன்றவரை நோற்கிறேன். அவற்றின் நிய்யத் இறைவனுக்கே உரியது; எடைக்காக நோற்கும் நோன்பு வெறும் பட்டினியே. ஆயினும் அந்த இரு நாள்களின் பயிற்சி மற்ற ஐந்து நாள்களுக்கும் துணை நிற்கிறது. நீரிழிவு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே உபரி நோன்புகளை எண்ண வேண்டும். நோன்பு திறக்கும்போது பொரித்த பண்டங்களைக் குவித்தால் பகலில் சேர்த்ததை மஃரிபில் இழந்துவிடுவோம் என்பதையும் மறக்கலாகாது.

எட்டு மாதங்களில் என் எடை ஆறு கிலோ குறைந்தது. அந்த அளவு 5.8 ஆனது, அல்ஹம்துலில்லாஹ். இன்னும் குறைய வேண்டும். உங்கள் வீட்டிலும் யாருக்கேனும் இப்படியொரு எண் வந்திருந்தால், இன்றைய மாலைக்கான முடிவை ஃபஜ்ருத் தொழுகையின் பின்னரே எடுத்துவிடுங்கள். நாலரை மணிக்கு நஃப்ஸோடு வழக்காடும் வேலை மிச்சமாகும். நம் கால்கள் இறுதிவரை நம்மைப் பள்ளிவாசலுக்கும் உறவினர் இல்லங்களுக்கும் சுமந்து செல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.