கீழ்த்திசைப் பாரிஸ்

ஐரோப்பாவின் பழம்பெரு நகரங்களுள் பாரிஸ் மாநகரின் பெயரை அறியாதார் இலர். அப்பெயரைத் தாங்கி, ‘கீழ்த்திசைப் பாரிஸ்’ என்று ஒருகாலத்தில் புகழப்பெற்ற தீவு ஒன்று, அந்தமானில் குடியேறி வாழும் நமக்கு மிக அண்மையிலேயே இருக்கிறது. அதுவே ராஸ் தீவு. 2018 ஆம் ஆண்டு முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்குகிறது. 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் அபர்டீன் துறையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் அதன் கரையை அடைந்துவிடலாம்.

அரைச் சதுர மைலுக்கும் குறைந்த இச்சிறு நிலப்பரப்பில்தான் ஆங்கிலேயர் தம் ஆட்சித் தலைமையிடத்தை அமைத்தனர். தலைமை ஆணையர் மாளிகை, நடன அரங்கு, தேவாலயம், அச்சகம், ரொட்டி சுடும் கூடம், நீச்சற் குளம், டென்னிஸ் ஆடுகளம், மின்னாக்க நிலையம் ஆகிய அனைத்தும் இங்கே இருந்தன. கடலுக்கு நடுவே ஓர் ஐரோப்பிய நகரத்தின் வசதிகளை எல்லாம் உண்டாக்கிக்கொண்டனர்.

இன்று நாம் காண்பது கூரையற்ற சுவர்களையே. 1941 ஜூன் 26 இல் நேர்ந்த நிலநடுக்கம் கட்டடங்களைச் சிதைத்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. போர் முடிந்த பின்னர்த் தலைமையிடம் இங்குத் திரும்பவில்லை. ஆலும் அத்தியும் போன்ற மரங்களின் வேர்கள் மாளிகைச் சுவர்களைப் பாம்பெனச் சுற்றிப் படர்ந்துள்ளன. சுவரைப் பிளப்பதும் வேரே. எஞ்சிய சுவரை விழாது பற்றி நிற்பதும் அவ்வேரே. தேவாலயத்தின் கல் வளைவுகளையும், அவற்றின் வழியே தெரியும் நீலக்கடலையும் கண்டு நாம் வியந்து நின்றோம். அழகை அழகென்று சொல்வதில் பிழையில்லை.

ஆயினும் இக்கற்களைச் சுமந்த தோள்கள் யாருடையவை என்று கேளாமல் திரும்புதல் முறையன்று. 1857 எழுச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் வாக்கர் என்னும் அதிகாரி இங்கு வந்தார். அவர்களும், அவர்களுக்குப் பின் கப்பல் கப்பலாகக் கொணரப்பட்டோருமே காட்டை வெட்டினர், சுவரை எழுப்பினர். நடன அரங்கைக் கட்டிய கைகளுக்கு அங்கே நடனம் காணும் உரிமை இருந்ததில்லை.

எதிர்க்கரையில் நிற்கும் செல்லுலார் சிறையும் அத்தகைய கைகளின் வேலையே. 1896 இல் தொடங்கி 1906 இல் முடிந்த அக்கட்டடத்தில், நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் சக்கரத்தின் ஆரங்கள்போல் விரிந்தன. பாரிஸ் நகரிலும் வெற்றி வளைவைச் சுற்றிப் பன்னிரண்டு பெருவீதிகள் விண்மீன் வடிவில் விரிகின்றன. வடிவம் ஏறக்குறைய ஒன்றே, நோக்கமோ வேறு. அங்கே நடுவிலிருந்து மக்கள் நாற்றிசையும் செல்கின்றனர். இங்கே நடுவிலிருந்து காவலர் நாற்றிசையும் கண்காணித்தனர். ஒரு கிளையின் அறைவாயில் அடுத்த கிளையின் முதுகையே நோக்கியது. ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணலாகாது என்பதே கருத்து. ஏறத்தாழ 700 தனியறைகள் இவ்வாறு அமைந்தன. கட்டடக்கலை அறிவு முழுவதும் மனிதனைத் தனிமைப்படுத்துவதற்கே செலவிடப்பட்டது.

ஏழு கிளைகளுள் இன்று எஞ்சியவை மூன்று. அவை 1979 இல் தேசிய நினைவுச் சின்னமாயின. இடிக்கப்பட்ட கிளைகள் இருந்த நிலத்தில் எழுந்ததே கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை. நம் குடும்பத்துக் குழந்தைகள் பலர் கண் விழித்த இடம் அது.

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தவர் நாம். இம்மண்ணுக்கு விலங்கோடு வந்தவர்கள் நமக்கு உறவினர் அல்லர் என்று ஒதுங்கிவிட முடியுமா? அவர்கள் வெட்டித் திருத்திய நிலத்தில்தானே நாம் குடியிருக்கிறோம்! ஊரிலிருந்து வரும் உற்றாரை அழைத்துச் செல்லும்போது, வளைவின் அழகைக் காட்டுவதோடு அதைச் சுமந்தவர் கதையையும் சொல்லுவோம். நம் பிள்ளைகளும் உடன் வந்து அதனைக் கேட்கட்டும்.