மேசையருகே ஒரு போதகர்

சமயப் பெரியார்களின் வரலாற்றை எழுதுவோர் அவர்களுடைய சிரிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். பிரசங்க பீடத்தில் நின்று பேசியவை நூலேறும். உணவுண்டபடி பேசியவை கை கழுவும்போதே கழுவுண்டு போகும். மாட்டின் லூதரின் விடயத்தில் இது நேர்மாறாக நிகழ்ந்தது. 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்துக்கு எதிராக 95 கூற்றுக்களை எழுதியவர், 1521இல் வோர்ம்ஸ் நகரிலே பேரரசன் ஐந்தாம் சாள்ஸின் முன்னிலையில் தம் எழுத்துக்களைக் கைவிட மறுத்தவர் என்ற அளவிலேயே பாடநூல்கள் அவரை அறிமுகஞ் செய்கின்றன. அவருடைய சாப்பாட்டு மேசையில் எழுந்த பேச்சுக்களோ ஏறத்தாழ 7000 குறிப்புகளாக இன்றும் எஞ்சியுள்ளன. பாடநூல் காட்டும் வீரரைவிட அக்குறிப்புகளிலே தோன்றும் போதகரே மனத்துக்கு நெருக்கமானவர்; அதே காரணத்தால் அதிகம் வருத்துபவரும் அவரே.

அந்த மேசை இருந்த வீடு முன்பு ஒரு துறவிமடம். விற்றன்பேர்க்கிலே லூதர் துறவியாக வாழ்ந்த அகுஸ்தீனிய மடமே பின்னர் அவருக்குக் குடும்ப வீடாயிற்று. 1523இல் கன்னியர்மடத்திலிருந்து தப்பிவந்த பெண்களுள் ஒருவரான கதரீனா பொன் போராவை அவர் 1525 யூன் மாதத்தில் மணந்தார். துறவியும் கன்னியாஸ்திரியும் நடத்திய அந்த வீட்டில் ஆறு பிள்ளைகள் பிறந்தனர். உறவினர், அநாதைகள், மாணவர், வழிப்போக்கர் எனப் பலரும் அங்கே உண்டனர். கதரீனா பியர் வடித்தார், பன்றி வளர்த்தார், தோட்டம் பயிரிட்டார், மாணவரைத் தங்கவைத்துப் பணம் பெற்றார். கணவர் கொடுத்துத் தீர்ப்பவர். மனைவி தேடிச் சேர்ப்பவர். அக்குடும்பம் சிதையாமல் நின்றது யாரால் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

1531ஆம் ஆண்டளவில் கொன்ராட் கோர்டாற்றஸ் என்பவர் மேசையிலேயே தாளை விரித்து எழுதத் தொடங்கினார். இது நாகரிகமோ என்ற கூச்சம் அவருக்கே இருந்தது; எனினும் அவரைப் பார்த்து ஏனையோரும் எழுதலாயினர். எழுதியவை இலத்தீனும் ஜேர்மனும் கலந்தவை. ஒரு வாக்கியத்தின் தலை ஒரு மொழியிலும் வால் மற்றொரு மொழியிலுமாகக் கிடக்கும். பல்கலைக்கழகத்தார் இருமொழி கலந்து பேசுவது இன்று தோன்றிய நோயன்று போலும். லூதர் இறந்து இருபது ஆண்டுகளின் பின், 1566இல், யோகான் அவுரிபாபர் இவற்றைத் தொகுத்து அச்சிட்டபோது சொற்களைக் கூட்டியும் மெருகூட்டியும் விட்டார். ஆதலால் 1912க்கும் 1921க்கும் இடையில் வைமார்ப் பதிப்பின் ஆறு தொகுதிகளாக வெளிவந்த மூலக்குறிப்புகளையே ஆய்வாளர் பெரிதும் நம்புவர். கதரீனாவுக்கு இந்த எழுத்து வேலையைப் பற்றி வேறொரு கருத்து இருந்தது. இவர்கள் இவ்வளவையும் அள்ளிக்கொண்டு போகிறார்களே, இவர்களுக்கு ஏன் இலவசமாகக் கற்பிக்கிறீர் என்று அவர் கணவரைக் கேட்டமையும் அக்குறிப்புகளிலேயே பதிவாகியுள்ளது.

விற்றன்பேர்க் நகரத் திருச்சபையின் தலைமைப் போதகர் லூதர் அல்லர். யோகான் பூகன்ஹாகன் என்பவரே. அவர் வெளியூர் சென்ற காலங்களில் அவருடைய பணிகளும் லூதரின் தோளில் விழுந்தன. பூகன்ஹாகனின் பிரசங்கங்கள் நீளமானவை. ஒவ்வொரு தலைமைக் குருவுக்கும் தனித்தனியே ஒரு பலி உண்டு, எங்கள் பூகன்ஹாகன் கேட்போரையே பலியிடுகிறார் என்ற கருத்துப்பட லூதர் நகையாடினார். சபையிலே கற்றோர் பலர் அமர்ந்திருப்பினும் சிறுவரையும் வேலைக்காரப் பெண்களையும் மனத்திற்கொண்டே பேசவேண்டும் என்பதும் அவர் இளம் போதகர்க்குச் சொல்லிவந்த அறிவுரை. இவையெல்லாம் கேட்க இனியவை. ஆனால் சபை அவருக்கு எப்போதும் இனிதாக இருக்கவில்லை. 1530இன் தொடக்கத்தில், திருந்தாத இச்சனத்துக்குப் பிரசங்கிப்பதில் பயனில்லை எனச் சினந்து, சிலகாலம் பீடமேற மறுத்தார். 1545இலும் பயணஞ் சென்ற இடத்திலிருந்து, இனி விற்றன்பேர்க்குக்குத் திரும்பமாட்டேன், வீட்டை விற்றுவிடு என்று மனைவிக்கு எழுதினார். அவரைச் சமாதானப்படுத்தி அழைத்துவர வேண்டியதாயிற்று.

1528இல் சாக்சனிச் சபைகளைப் பார்வையிடச் சென்றவர்கள் கண்டதும் மனமகிழத் தக்கதன்று. கர்த்தருடைய செபத்தையேனும் அறியாத குடியானவர் ஒருபுறம். கற்பிக்கத் தகுதியற்ற குருமார் மறுபுறம். அதன் விளைவாகவே வீட்டில் தகப்பன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தக்க சிறிய ஞானோபதேசம் 1529இல் வெளிவந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழிலே பெயர்த்த நூல்களுள் அதுவும் ஒன்று. ஆகவே, அச்சபையாரின் அறியாமைக்குத் தமிழ் உரைநடையும் ஒரு சிறிய கடன்பட்டிருக்கிறது எனலாம்.

ஜெபத்தைப் பற்றி அவர் பேசியவற்றுள் இரண்டு உவமைகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, வீட்டு நாய். மேசையிலிருந்த இறைச்சித் துண்டிலே கண்ணும் கருத்தும் பதித்து, வாய்திறந்து அசையாமல் நின்ற நாயைக் காட்டி, அது இறைச்சியைப் பார்ப்பது போலத் தம்மால் ஜெபிக்க முடியவில்லையே என்றாராம். மற்றையது சவரத் தொழிலாளி. எப்படி ஜெபிப்பது என்று தம் சவரத் தொழிலாளியான பேத்தர் கேட்டதற்கு விடையாக 1535இல் அவர் ஒரு சிறு நூலே எழுதினார். நல்ல சவரத் தொழிலாளி கத்தியிலும் மயிரிலும் கண்ணாயிருப்பான். வேறெதையோ பேசி, வேறெங்கோ பார்த்தால் மூக்கும் தப்பாது, கழுத்தும் தப்பாது. ஜெபமும் அப்படியே என்பது அதன் சாரம். கற்ற பேராசிரியர் ஒருவர் தம் முகம் மழிப்பவனின் கேள்விக்கு நூலெழுதியமை அதன் உள்ளடக்கத்துக்குக் குறையாத செய்தி. அதே ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாளில், விருந்து மேசையிலே, பேத்தர் தம் மருமகனைக் கத்தியாற் குத்திக் கொன்றார். லூதர் அவருக்காகப் பரிந்து பேசினார். உயிர் தப்பிற்று, ஆயின் பேத்தர் நாடுகடத்தப்பட்டார். நூலின் முகப்பிலிருந்து அவர் பெயரை நீக்கவேண்டும் என்று லூதருக்குத் தோன்றவில்லை. நல்லவர்களுக்காக மட்டுமே சபை என்று கருதியிருந்தால் தோன்றியிருக்கும்.

இத்தகைய மனிதரை இயல்பிலேயே களிப்பு மிக்கவர் என்று கொள்வது தவறாகும். 1527இல் அவரைப் பற்றிய உள்ளச் சோர்வு மிகக் கடுமையானது. அவ்வாண்டிலேயே கொள்ளைநோய் நகருக்குள் வந்தது. பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்தும் அவர் நோயாளருடன் தங்கினார். கடவுள் தம்மைக் கைவிட்டாரோ என்ற அச்சம் வாழ்நாள் முழுவதும் இரவுகளில் அவரிடம் வந்துபோயிற்று. அந்த அச்சத்துக்கு எதிராக அவர் பயன்படுத்திய படைக்கலங்களுள் வேதமும் இசையும் இருந்தன, பகிடியும் இருந்தது. தம் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவந்த ஜெரோம் வெல்லர் மனச்சோர்வால் வாடியபோது 1530இல் கோபுர்க் கோட்டையிலிருந்து அவருக்கு எழுதிய கடிதம் வியப்புக்குரியது. தனித்திராதே, பிறருடன் கூடியிரு, குடி, விளையாடு, பகிடி பேசு, பிசாசு வேண்டாமென்று தடுக்குமாயின் அதற்காகவே இன்னுஞ் சற்றுக் கூடுதலாகக் குடி என்பது அக்கடிதத்தின் போக்கு. ஒழுக்கநூலார் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் சோர்ந்த இளைஞன் ஒருவனுக்கு மேலும் ஓர் உபதேசத்தைச் சுமத்தாமல், மனிதர் மத்தியிலே போய் உட்காரும்படி சொன்னவர் அவ்விருளைத் தாமும் அறிந்திருந்தார்.

சிரிப்பு கைகொடாத நாளும் வந்தது. 1542 செப்தெம்பர் 20ஆம் நாள் பதின்மூன்று வயது மகள் மக்தலேனா தந்தையின் கைகளிலேயே உயிர்நீத்தாள். அவள் நலமாயிருக்கிறாள் என்று உறுதியாக அறிந்தும் இவ்வளவு துயரப்படுவது விந்தையே என்று அவர் சொன்னதாகக் குறிப்பெடுத்தோர் எழுதியுள்ளனர். நன்றி செலுத்துவதே தகும். ஆனால் விம்மாமல் அதைச் செய்யத் தம்மாலும் மனைவியாலும் இயலவில்லை என்று நண்பர் யுஸ்துஸ் யோனாஸுக்கு எழுதினார். விசுவாசம் துயரை விழுங்கிவிட்டதாக அவர் நடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1543இல், யூதருக்கு எதிரான அவருடைய நீண்ட நூல் வெளியாயிற்று. 1523இல் யூதரை அன்போடு நடத்தவேண்டும் என எழுதிய அதே கை, இப்போது அவர்களுடைய தொழுகைக்கூடங்களை எரிக்கவும் வீடுகளை இடிக்கவும் நூல்களைப் பறிக்கவும் ஆட்சியாளரைத் தூண்டியது. முதுமை, நோய், மகளின் இழப்பு என்று காரணங் கூறுவோர் உளர். அவை காரணமாகலாம், நியாயமாகா. 1946இல் நூரம்பேர்க் நீதிமன்றிலே யூலியஸ் ஸ்ற்றைக்கர் தமக்குத் துணையாக லூதரை அழைத்தபோது அந்நூலையே சுட்டினார். அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அவ்வெழுத்துக்களை வெளிப்படையாக நிராகரித்தது 1994இலேயே. தம்மையும் பிசாசையும் நோக்கி எறிந்த கேலி பலரைத் தேற்றியது. ஏதிலிச் சமூகமொன்றை நோக்கி எறிந்தபோது அது கேலியாக நிற்கவில்லை. இரண்டும் ஒரே மேசையில், ஒரே குரலில் எழுந்தன. மேசைப் பேச்சை விரும்பிப் படிப்பவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்க முடியாது.

1546 பெப்ரவரியில், சிறு பிரபுக்களுக்கிடையிலான வழக்கொன்றைத் தீர்ப்பதற்காக, அவர் தாம் பிறந்த ஊராகிய ஐஸ்லேபனுக்குச் சென்றிருந்தார். முதலாம் நாள் மனைவிக்கு எழுதிய கடிதத்திலே, வழியில் தமக்குத் தலைச்சுற்று ஏற்பட்டமைக்கு யூதர் மீது பழிபோட்டுப் பகிடி செய்தார். பத்தாம் நாள் எழுதியது வேறொரு பகிடி. நீ எனக்காகக் கவலைப்படத் தொடங்கிய நாள் முதல் அறை வாசலருகே தீப்பிடித்தது, மலகூடத்தின் மேலிருந்து தலையணை நீளத்தில் ஒரு கல் விழுந்தது, இன்னுங் கவலைப்பட்டால் பூமியே விழுங்கிவிடும். ஞானோபதேசத்தை நீ கற்றது இதற்குத்தானா என்று விளையாட்டாகக் கடிந்துகொண்டார். எட்டு நாட்களின் பின், 18ஆம் நாள் அதிகாலையில், அவர் இறந்தார்.

ஏப்ரலிலே கதரீனா தம் உறவுப் பெண்ணொருத்திக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. உண்ணவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை, உறக்கமும் இல்லை என்று அதிலே சொல்கிறார். அத்தனை பேருக்குச் சமைத்துப் போட்ட அவருடைய பேச்சைக் குறித்துவைக்க அந்த மேசையில் எவரும் தாள் விரித்திருக்கவில்லை. கணவரின் பேச்சோடு ஒட்டி வந்தவை மட்டுமே எஞ்சின.