ஐஸ் தந்த தலைவலியும் எட்டு வருடப் பயமும்

சென்ற வாரம் என் பேரன் ஐஸ்கிறீமை அவசரமாக விழுங்கிவிட்டு, இரண்டு கைகளாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டு, "அப்பப்பா, தலை வெடிக்குது" என்று கத்தினான். வீட்டிலிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த வலியை நினைத்து எட்டு வருடங்கள் பயந்து வாழ்ந்தவன் நான்.

1990 இல் யாழ் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டி புத்தக அலுமாரியாயிற்று. 1994 இல் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து, வவுனியா வந்து, கொழும்புக்கு ரயிலேறினேன். வெள்ளவத்தையில் நண்பர் ஒருவர் ஐஸ் போட்ட பலூடா வாங்கித் தந்தார். நான்கு வருடத் தாகம். ஒரே மூச்சில் குடித்தேன். நெற்றிக்குள் ஊசி ஏற்றியது போல ஒரு வலி.

"ஆறுதலாக் குடியுங்கோ அண்ணை" என்றார் நண்பர்.

அரை நிமிடத்தில் வலி போய்விட்டது. பயம் போகவில்லை. என் தந்தையார் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தவர். "தலை வெடிக்குது" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. எனக்கும் அதுவே ஆரம்பம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வைத்தியரிடம் போகவில்லை; போனால் உறுதியாகிவிடுமே என்ற பயம். மனைவியிடமும் சொல்லவில்லை. யாராவது குளிர்பானம் நீட்டினால், தடிமன் பிடிக்கும் என்று மறுத்துவிடுவேன். ஊரிலுள்ள எல்லோரிடமும் கேள்வி கேட்டுப் பிழைப்பு நடத்தியவன், என்னைப் பற்றிய ஒரு கேள்வியைக் கேட்கத் துணியவில்லை.

2002 டிசம்பரில் செய்தி மேசைக்கு ஒரு செய்தி வந்தது. கனடாவின் ஹமில்ற்றன் நகரப் பாடசாலை மாணவி ஒருவர், 145 மாணவர்களுக்கு ஐஸ்கிறீம் கொடுத்து நடத்திய ஆய்வு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாகியிருந்தது. ஒரு பிரிவினர் 100 மில்லிலீற்றர் ஐஸ்கிறீமை ஐந்து செக்கனுக்குள் உண்ண வேண்டும். மற்றவர்கள் முப்பது செக்கனுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டும். வேகமாக உண்டவர்களில் 27 வீதத்தினருக்கும், மெதுவாக உண்டவர்களில் 13 வீதத்தினருக்கும் தலைவலி வந்தது. இளம் நிருபர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய்த் தனியாக இருந்து வாசித்தேன்.

அதன்பிறகு தேடிப் படித்தேன். கடுங்குளிர் வாயின் மேலண்ணத்தைத் திடீரென்று தொடும்போது அங்குள்ள சிறு இரத்தக்குழாய்கள் சுருங்கி, உடனே விரிகின்றன. முகத்தின் உணர்ச்சிகளைக் காவிச்செல்லும் முக்கிளை நரம்பு அதை மூளைக்கு அறிவிக்கிறது. அதே நரம்புதான் நெற்றியின் செய்தியையும் கொண்டு செல்வதால், மூளை இடத்தைத் தவறாக விளங்கிக்கொள்கிறது. மாரடைப்பு வந்தவருக்கு இடக்கை வலிப்பதும் இவ்வகைத் தவறுதான். உண்மையில் மூளைக்கு வலியுணர்ச்சி கிடையாது. 2012 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்த வலியின்போது மூளைக்குச் செல்லும் ஒரு நாடியில் இரத்த ஓட்டம் கூடுவதையும், அந்நாடி சுருங்கியதும் வலி தணிவதையும் கண்டார்கள். நரம்பின் பங்கு எவ்வளவு, நாடியின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஆபத்தில்லை என்பதில் விவாதமில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

பேரனிடம், "நாக்கை மேலண்ணத்திலை அழுத்திப் பிடி" என்றேன். அண்ணம் சூடேறியதும் வலி விட்டது. மறுபடி கரண்டியை எடுத்தான், இந்த முறை மெதுவாக.

வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். குளிரால் வந்த வலி, குளிர் நீங்கிய பத்து நிமிடங்களுக்குள் போய்விடும். போகாவிட்டால், அல்லது குளிர் எதுவும் உண்ணாமலே திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்தால், உடனே வைத்தியரிடம் போங்கள். என்னைப்போல் எட்டு வருடம் காத்திருக்காதீர்கள்.